ஆர்ச்வேக்குத் தாமதமாக வந்த கேசட்

நான் லண்டனுக்குப் போனது ஒரே ஒரு பாட்டைக் கேட்பதற்காக. விசா படிவத்தில் அதை எழுதினால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று பயந்து, 'நண்பரைப் பார்க்க' என்று எழுதினேன். அந்த நண்பரை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

வடபழனியில் எனக்கு ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை இருக்கிறது. பழைய கேசட்டுகளைத் துடைத்து, சுருங்கியதை நிமிர்த்தி, கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. கல்யாண நாதஸ்வரம், கட்சிக் கூட்டத்துப் பேச்சு, குழந்தை முதன்முதலாக 'அம்மா' என்று சொன்னது எல்லாம் என் மேஜைக்கு வரும். அந்த வேலை முடிந்தபிறகு, கதவைச் சாத்திக்கொண்டு நான் கேட்பது போஸ்ட் பங்க்.

அது என்ன என்று என் வீட்டில் பலமுறை கேட்டுவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்துப் பையன்கள் கிட்டாரில் மூன்று சுரக்கூட்டைக் கற்றுக்கொண்டு கத்தினார்கள், அது பங்க். கத்தி ஓய்ந்ததும் சிலர் யோசிக்கத் தொடங்கினார்கள். கிட்டாரைப் பின்னால் தள்ளிவிட்டு, தாழ்ந்த சுரம் வாசிக்கிற பேஸ் கிட்டாரை முன்னால் கொண்டுவந்தார்கள். ஜமேக்காக்காரர்களிடமிருந்து எதிரொலியையும் இடைவெளியையும் கடன் வாங்கினார்கள். மான்செஸ்டரில் ஒரு குழு ஆலை இயந்திரம்போல டிரம்ஸ் அடித்தது. லீட்ஸில் சில மாணவர்கள் சம்பளத்தையும் காதலையும் ஒரே தாளத்தில் திட்டினார்கள். லண்டனில் சில பெண்கள், வாசிக்கத் தெரியாததையே ஒரு பாணியாக்கிக்கொண்டார்கள். பாடுகிறவர் பெரும்பாலும் பாடமாட்டார், ரயில் வராது என்று அறிவிக்கிற குரலில் பேசுவார். நாற்பது டிகிரி வெயிலில் உட்கார்ந்துகொண்டு மழையையும் குளிரையும் பற்றிய இந்தச் சோகத்தை எதற்குக் கேட்கிறாய் என்று என் கணவர் கேட்பார். ஏ.சி. செலவு மிச்சம் என்பேன்.

இந்தக் குழுக்களில் பெயர் பெற்றவை போக, ஒரே ஒரு இசைத்தட்டுடன் காணாமல் போனவை நூற்றுக்கணக்கில் உண்டு. அதில் ஒன்று 'டேம்ப் சீலிங்'. ஈரம் ஊறிய கூரை என்று அர்த்தம். மூன்று பேர். பாட்டும் கிட்டாரும் நீல், டிரம்ஸ் அவன் அக்கா ஜில், பேஸ் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த அன்ரன் என்ற இளைஞர். இசைத்தட்டின் உறையில் யாருடைய பெயரும் கிடையாது, அப்போது அதுதான் மோஸ்தர். பேஸ் வாசித்தவர் தமிழர் என்று தெரிந்த நாளில் நான் சந்தோஷம் தாங்காமல் இணையத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஜில் எனக்கு எழுதினார்.

அவர் கேட்டது இதுதான். நீல் இருபத்துமூன்று வயதில் நிமோனியாவில் இறந்துபோனான். இறப்பதற்கு முந்தின மாதம் ஒத்திகை அறையில் ஒரு புதுப் பாட்டைக் கேசட்டில் பதிந்தார்கள். அதில்தான் அவன் முதன்முறையாகக் கத்தாமல் பாடினான். அந்த ஒரே கேசட் அன்ரனிடம் இருந்தது. தபாலில் தொலைந்துபோனது என்று அவர் அப்போது சொன்னார். ஜில் அதை நம்பவில்லை. இப்போது ஒரு சின்ன நிறுவனம் குழுவின் பாட்டுகளை எல்லாம் சேர்த்து மறுபடி வெளியிடுகிறது. கடிதம் போட்டால் அன்ரன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைதான் அனுப்புகிறார். தமிழும் தெரிந்து, கேசட்டும் தெரிந்த ஒரு ஆள் போய்க் கேட்டால் கொடுப்பாரோ என்னவோ.

அந்த ஆள் நான்.

நவம்பர் மாதம். வெம்பிளியில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை. முதல் நாள் மாலை நாலு மணிக்கே தெரு விளக்கு எரிந்தது. என் கடிகாரம்தான் நின்றுவிட்டது என்று நினைத்து அதைத் தட்டிப் பார்த்தேன். கீழே இறங்கினால் கத்தரிக்காய், முருங்கைக்காய், கொத்தமல்லி எல்லாம் சென்னைக் கடையைவிட ஒழுங்காக அடுக்கியிருந்தது. ஒரு மசாலா தோசை சாப்பிட்டேன். தோசை பரவாயில்லை. சாம்பார் மட்டும் குளிருக்குப் பயந்து இனிப்பாகிவிட்டது. அறைக்குத் திரும்பி ஹீட்டரை ஒட்டிக்கொண்டு படுத்தேன். நான் காதலித்த இசைக்குள் வந்துவிட்டேன் என்று மகிழ்ச்சியாக இருக்கும் என எதிர்பார்த்தேன், வீட்டு ஞாபகம்தான் வந்தது.

இரண்டாம் நாள் ஆர்ச்வேக்குப் புறப்பட்டேன். வரைபடத்தில் கறுப்புக் கோடாகப் போகிற ரயில் நடுவில் இரண்டாகப் பிரிகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. கோல்டர்ஸ் கிரீனில் ரயில் தரைக்கு மேலே வந்து வெளிச்சம் தெரிந்தபோதுதான் சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் ஆர்ச்வே எப்போது வரும் என்று கேட்டேன். "இந்த ரயிலில் எப்போதுமே வராது" என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். நம் ஊராக இருந்தால் பெட்டி முழுக்க எழுந்து நின்று எனக்கு வழி சொல்லியிருக்கும், நாலு பேர் நாலு வழி.

ஜில்லின் வீடு ஆர்ச்வேயில் நகராட்சி வாடகைக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி. எழுபதை நெருங்கும் மெலிந்த பெண், வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடும் ஸ்வெட்டர். சமையலறை மேஜையில் ரப்பர் தட்டு ஒன்றும் இரண்டு குச்சிகளும் கிடந்தன. கை மரத்துப்போகாமல் இருக்க தினமும் அரை மணி நேரம் அடிப்பாராம். மேலே மலையில் இருக்கும் முருகன் கோவிலைக் காட்டி, "நாற்பது வருடமாக உங்கள் கடவுளுக்குக் கீழ்வீட்டுக்காரி நான். அவர் வீட்டிலும் டிரம்ஸ் உண்டு, அதனால் புகார் செய்ததில்லை" என்றார்.

லீக் என்ற வெங்காயத் தண்டில் சூப் வைத்துக் கொடுத்தார். உப்பு மறந்துவிட்டது போலிருந்தது, கேட்கக் கூச்சமாக இருந்தது. குடித்துக்கொண்டே இசைத்தட்டை ஓடவிட்டார். இரண்டே பாட்டு. இரண்டிலும் நீல் ஒரு மட்டமான மைக்குக்குள் கத்துகிறான்.

"இது என் தம்பி இல்லை" என்றார் ஜில். "இது அன்றைக்கு எல்லோரும் வைத்துக்கொண்ட குரல். அந்தக் கேசட்டில்தான் அவன் இருக்கிறான். பழுதான லிப்டைப் பற்றிய பாட்டு, சிரிக்காதே. எட்டாவது மாடிக்குத் தினமும் நடந்து ஏறுகிற ஒருவனைப் பற்றியது. அவன் வாயில் அது எப்படி இருந்தது என்று எனக்கு மறந்துகொண்டே வருகிறது. முகம் மறக்கவில்லை, போட்டோ இருக்கிறது. குரல்தான் போகிறது. அதற்குள் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்."

கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் குரோய்டன், லண்டனின் தென்கோடி. அன்ரன் நிலையத்து வாசலில் கம்பளித் தொப்பியோடு நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் "வணக்கம் சார்" என்றதும் சிரித்தார்.

"சார் எண்டு என்னை ஒருத்தரும் கூப்பிடுறேல்லை, பிள்ளை. அண்ணை எண்டு கூப்பிடுங்கோ. குளிருதோ?"

"ஆமா அண்ணே, கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டு சொல்லுறியள், பல்லுக் கிடுகிடுக்குது. வாங்கோ, ட்ராம் வருது."

போகிற வழியில் விசா, அகதி விவகாரங்கள் பார்க்கிற அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடம் வந்தது. அவர் தலையைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிப் பல வருடமாகியும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் கை தானாகப் பாக்கெட்டில் விசாக் கடிதத்தைத் தேடும் என்றார். டிராமில் டிக்கெட்டுக்கு அட்டையை எங்கே தட்டுவது என்று தெரியாமல் நான் கதவுப் பொத்தானில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடக் கூட்டமே சிரித்தது.

அவர் மனைவி முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலைக்குப் போயிருந்தார். வரவேற்பறையில் மாதா படம், அதற்குக் கீழே சின்ன விளக்கு, பேரப்பிள்ளைகளின் போட்டோக்கள். இசை சம்பந்தமாக ஒரு பொருளும் இல்லை. மட்டன் றோல்ஸும் தேத்தண்ணியும் வைத்தார். மிளகாய் காதுவரை ஏறியது, லண்டன் வந்தபிறகு அன்றுதான் சாப்பிட்டதுபோல் இருந்தது.

அவரைப் பேசவைக்க எனக்கு ஒரு வழிதான் தெரியும். அந்த இசைத்தட்டின் இரண்டாவது பாட்டில் பேஸ் நடுவில் எட்டு மாத்திரை நின்றுவிட்டு மறுபடி வருமே, அது எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"தோன்றவும் இல்லை ஒண்டும் இல்லை. கை விறைச்சுப் போச்சு" என்றார். "நாங்கள் பதிஞ்ச அந்த நிலவறையிலை ஹீட்டர் இல்லை. விரல் ஓடேல்லை. நிப்பாட்டிப் போட்டு ஊதிச் சூடாக்கினனான். நீல் திரும்பிப் பாத்திட்டு, அப்பிடியே வை எண்டான். பேந்து, தட்டு வெளியானாப் பிறகு, பேப்பரிலை எழுதினவை, மௌனத்தின்ரை பயங்கரம் எண்டு."

இருவரும் சிரித்தோம். நான் தைரியம் பெற்று கேசட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது. பிறகு மாடிக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே துணியில் சுற்றிய ஒரே ஒரு கேசட்.

"தபாலிலை துலையேல்லை, பிள்ளை. வந்தது. எண்டாலும் பாட்டு இல்லை."

அப்போது யாழ்ப்பாணத்துக்குப் போன் பேசுவது லேசான காரியமில்லை. கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடுவார்கள். ஊரில் இருப்பவர்கள் கேட்டுவிட்டு, அதன்மேலேயே தங்கள் பதிலைப் பதிந்து, லண்டன் வருகிறவர்களிடம் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரே கேசட் போய்ப் போய் வரும். அன்ரனுக்கு ஜெறாட் என்று பத்தொன்பது வயதில் ஒரு தம்பி. அண்ணன் படிக்கப் போன இடத்தில் வாத்தியம் வாசிக்கிறான் என்பதில் அவனுக்குத்தான் பெருமை அதிகம். அவனுக்குக் காட்டுவதற்காக, பாட்டு இருந்த கேசட்டின் மறுபக்கத்தில் வீட்டுக்குப் பேசி அனுப்பினார் அன்ரன். பாட்டுக்குப் பிரதி எடுக்கவில்லை. அடுத்த மாதம் ஸ்டுடியோவில் ஒழுங்காகப் பதியத்தானே போகிறோம் என்ற நினைப்பு.

அழியாமல் இருக்க ஒரு ஏற்பாடும் செய்தார். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ஒரு பக்கத்துத் துண்டை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் பதிய முடியாது. பாட்டின் துண்டை உடைப்பதாக நினைத்துக்கொண்டு, அவசரத்தில் கடிதத்தின் துண்டை உடைத்துவிட்டார்.

"என்ரை குரலைக் காப்பாத்திப் போட்டன்" என்றார். "அதைக் கேக்க ஆருக்கு வேணும்?"

நான் கையோடு கொண்டுபோயிருந்த பிளேயரில் கேசட்டைப் போட்டேன். இரைச்சல். பிறகு ஒரு இளைஞனின் குரல், "அண்ணை, நான் ஜெறாட் கதைக்கிறன்." அன்ரன் பாய்ந்து நிறுத்திவிட்டார்.

"இவ்வளவுதான் நான் கேட்டது. இதுக்கு மேலை நாப்பது வருசமாக் கேக்கேல்லை. வந்த அண்டு ஆத்திரத்திலை நிப்பாட்டினனான். பாட்டை அழிச்சுப் போட்டான் எண்டு சரியான கோவம். மூண்டு கிழமையிலை நீல் செத்தான். அடுத்த மாசம் ஊரிலையிருந்து தந்தி. சைக்கிளிலை யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனவனாம், திரும்பி வரேல்லை. இண்டைக்கு வரைக்கும் வரேல்லை."

கேசட்டை என் கையில் வைத்தார்.

"ஜில்லிட்டைச் சொல்லுங்கோ, டேப் பூஞ்சணம் பிடிச்சுப் பழுதாப் போச்சு எண்டு. நீங்கள் சொன்னா நம்புவா. உங்களுக்கு அதுதானே வேலை. அவவின்ரை தம்பிக்கு மேலை என்ரை தம்பியைப் பதிஞ்சு வைச்சிருக்கிறன் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

கேசட்டைத் திருப்பி டின்னுக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் விடாமல் மழை. ஜில் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. டேம்ப் சீலிங் வாசித்த நிலவறையைத் தேடிப் போனேன். அது இப்போது உடற்பயிற்சிக்கூடம். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பேர் ஓரிடத்தில் நின்றே ஓடிக்கொண்டிருந்தார்கள். இங்கே என்ன இருந்தது தெரியுமா என்று வாசலில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "முன்பு ஒரு பேங்க் இருந்தது" என்றாள். பக்கத்துக் கடையில் சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து அவரைக்கொட்டையைக் கொட்டிக் கொடுத்தார்கள். பாதியைச் சாப்பிட்டேன். எத்தனையோ பேருக்கு டேப் பழுது என்று சொல்லியிருக்கிறேன், அவை எல்லாம் உண்மை. இந்தப் பொய்யை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். சொல்லிவிட்டால் ஜில் சாகும்வரை ஒரு பூஞ்சணத்தைச் சபித்துக்கொண்டிருப்பார். அன்ரன் அந்த டின்னைத் திறக்கவே மாட்டார். எனக்கு அழுகை வந்தது. அந்த இசையைக் கேட்டு முப்பது வருடமாகச் சொகுசாக வருத்தப்பட்டிருக்கிறேன், இது வேறு வருத்தம்.

அன்ரனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, என்னால முடியாது. மன்னிச்சிடுங்க. நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாமலே ஊருக்குப் போயிடறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன்."

மறுபக்கத்தில் அவர் டி.வி.யை நிறுத்தினார்.

"நாளைக்குச் சேர்ச்சிலை தமிழ்ப் பூசை இருக்கு" என்றார். "முடிய வாறன். ஆர்ச்வே ஸ்டேசனிலை நில்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அவர் குரோய்டனிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார். பஸ் ஓட்டியவர் ரயிலுக்கு ஏன் போகவேண்டும் என்று சொன்னாலும், வந்து சேராமல் இருக்க அவர் தேடிய வழி அது என்று எனக்குப் பட்டது. ஒரு கையில் பூசை முடிந்து மிஞ்சிய றோல்ஸ் பெட்டி, மறு கையில் பிஸ்கட் டின். ஜில்லின் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்தது. அவர் படியில் ஏறினார்.

கதவைத் திறந்த ஜில் அவரை ஏறிட்டுப் பார்த்து, "உனக்கு முடி போய்விட்டது" என்றார். "உனக்கும்தான் வயது போய்விட்டது" என்றார் அன்ரன். கட்டிக்கொள்ளவில்லை. உட்காரும் முன்பே, கோட்டைக்கூடக் கழற்றாமல், ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எந்தத் துண்டை உடைத்தார் என்பதை வெற்றுக் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

ஜில் றோல்ஸ் பெட்டியைத் திறந்தார், பிறகு மூடினார்.

"நீல் அதில் கொஞ்சம்கூட இல்லையா?" என்று என்னைக் கேட்டார். மேலே பதிந்தால் அடியில் இருப்பது முற்றிலும் அழிந்துவிடும், எந்த இயந்திரத்தாலும் மீட்க முடியாது என்றேன். என் தொழிலில் நான் சொன்ன மிக மோசமான வாக்கியம் அது.

"அப்படியானால் உன் தம்பியைப் போடு" என்றார் ஜில். "யாரோ ஒருவர் அதில் இருக்கிறார் அல்லவா? என்ன சொல்கிறார் என்று கேட்போம்."

நான் போட்டேன். நிறுத்தி நிறுத்தி ஜில்லுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அண்ணை, நான் ஜெறாட் கதைக்கிறன். மற்றப் பக்கத்திலை துண்டு உடைச்சிருக்கு. ஒட்டுப் பேப்பர் ஒட்டினாப் பதியலாம்தான். எண்டாலும் நீங்கள் வேணுமெண்டுதானே உடைச்சிருப்பியள். அதாலை இந்தப் பக்கத்திலை கதைக்கிறன். உங்கடை பாட்டு அழிஞ்சு போகும், குறை நினையாதையுங்கோ. உங்களிட்டை வேறை கொப்பி இருக்கும்தானே."

அன்ரன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். குரல் போய்க்கொண்டே இருந்தது. சைக்கிளுக்கு டயர் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, தனக்கு இங்கிலீஷ் பாஸாகுமோ தெரியாது. ஜில் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், தன் வீட்டு விஷயம்போல.

"அண்ணை, அழிக்க முதல் உந்தப் பாட்டை ஆறு தரம் கேட்டனான். முதல்லை மெஷின் பழுதெண்டு நினைச்சிட்டன். பேந்து பிடிச்சுப் போச்சு, எல்லா வரியும் பாடமாப் போச்சு. அண்ணை, அந்தப் பாடுறவருக்கு நெஞ்சிலை சளி கிடக்கு. மூச்சு இழுக்கேக்கை விசில் மாதிரிக் கேக்குது. அம்மாவும் கேட்டிட்டு அதைத்தான் சொன்னவா. அவரை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பாரோ தெரியாது. எண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ."

நான் நிறுத்தினேன். ஜில் என்னைப் பார்த்தார். இதை மட்டும் விட்டுவிட்டு நாய்க்குட்டியைப் பற்றி இன்னும் ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது உண்மை.

அன்ரன் முகத்திலிருந்து கையை எடுத்தார். அவரே ஆங்கிலத்தில் சொன்னார். "நீலுக்கு நெஞ்சில் நோய் இருக்கிறது, டாக்டரிடம் கொண்டுபோ என்கிறான். இந்தக் கேசட் வந்தபோது நீல் உயிரோடு இருந்தான். இன்னும் மூன்று வாரம் இருந்தான். நான் கேட்கவில்லை, ஜில். நிறுத்திவிட்டேன்."

ஜில் எழுந்து போய் கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பாமலே பேசினார்.

"அந்த விசில் எனக்குத் தெரியும். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் கேட்டேன். பாட்டுக்கு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த மூச்சுச் சத்தத்தை மறைக்காதே, மைக்குக்குப் பக்கத்தில் வா என்று நான்தான் அவனிடம் சொன்னேன்."

அந்த இசைத்தட்டிலும் அந்த மூச்சு இருக்கிறது. என் கட்டுரையில் அதற்கு ஒரு பத்தியே ஒதுக்கி, நகரத்தின் மூச்சுத்திணறல் என்று எழுதியிருந்தேன். ஐயாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்த ஒரு பையனுக்கு அது சளி என்று ஆறு தரம் கேட்டதிலேயே தெரிந்துவிட்டது.

"முடிவுவரை போடு" என்றார் ஜில்.

கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"நம்பமாட்டியள் எண்டா இப்ப பாடிக் காட்டுறன், சிரியாதையுங்கோ" என்று ஜெறாட் மேஜையில் தாளம் தட்டிக்கொண்டு பாடினான். இங்கிலீஷ் வார்த்தைகள் பாதி வாயில் வரவில்லை, அந்த இடங்களில் முணுமுணுத்தான். இரண்டு வரி. பின்னால் ஒரு பெண்குரல் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டது. "வாறன் அம்மா" என்று கத்திவிட்டு, மைக்குக்குக் கிட்ட வந்து, "மிச்சத்தை நீங்கள் வரேக்கை பாடிக் காட்டுறன், அண்ணை" என்றான். நிறுத்துகிற சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

ஜில் ஈரக் கையோடு மேஜைக்கு வந்தார். "இரண்டாவது வரி அப்படி இல்லை" என்றார். "நீல் அங்கே கீழே இறங்குவான்." உடைந்த குரலில் முதல் வரியைப் பாடினார், சரியான வார்த்தைகளோடு. இரண்டாவது வரியில் இறங்கினார். மூன்றாவதற்கு வாயைத் திறந்து அப்படியே நின்றார். அன்ரனைப் பார்த்தார்.

தெரியாது என்று அன்ரன் தலையை ஆட்டினார். "நான் என் பேஸைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்."

ஜில் மறுபடி முதலிலிருந்து பாடினார். மறுபடி அதே இடத்தில் நின்றார். அந்த மூன்றாவது வரியைப் பாடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்; ஒருவனை முருகன் கோவில் இருக்கும் மலைக்குப் பின்னால் புதைத்திருக்கிறார்கள், மற்றவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது.